இஞ்சி எழுதிய காரணம்

எங்கள் தையல் கூடத்தில் தவறுகளுக்கென்றே ஒரு நோட்டு உண்டு. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, யார், என்ன தவறு, எத்தனை உருப்படி, காரணம் என்று ஐந்து கட்டங்கள். முதல் நான்கு கட்டங்களில் யாருக்கும் சண்டை வந்ததில்லை. கோணிப்போன காலர் கோணிப்போன காலர்தான். ஐந்தாவது கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் பெயருக்கு நேராக அதில் ‘அலட்சியம்’ என்று மூன்று முறை விழுந்துவிட்டால் அவரை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே, முடிந்த சட்டைகளில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரிக்க வேண்டும். அங்கே போனவர் யாரும் மிஷினுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என் பெயருக்கு நேராக ஏற்கெனவே இரண்டு இருந்தன.

தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கும் செக்கர்தான் அந்த நோட்டை எழுதுவார். என்னுடைய இரண்டையும் எழுதியவர் பழைய செக்கர். நெடுநெடுவென்று உயரமான மனிதர். நின்றபடியே சட்டைகளைப் பார்ப்பார், நின்றபடியே எழுதுவார். யார் தவறு செய்தாலும் அவருக்கு ஒரே சொல்தான். ஒரு தடவை அவரே ஒரு பெட்டிச் சட்டையை வேறு இடத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஐந்தாவது கட்டத்தில் இடம் போதாமல் நோட்டைத் திருப்பி வைத்து ஓரத்தில் எழுதியிருந்தார். மழை, மின்தடை, முதுகுவலி, லாரிக்காரரின் அவசரம். பக்கத்து மிஷினில் காலர் தைக்கும் அக்கா அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“அவருக்கு வந்தா சரித்திரம். நமக்கு வந்தா ஒத்தை வார்த்தை.”

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வந்த பெண்ணைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வந்த மூன்றாம் நாளே அவருக்கு இஞ்சி என்று பெயர் வைத்துவிட்டோம். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கட்டையான உருவம். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். காலையில் சோதனை மேசையில் உட்கார்ந்தால் மாலைவரை நெற்றியைச் சுருக்கி, மூக்கை ஏற்றி, உதட்டை இழுத்துக் கடித்துக்கொண்டே சட்டைகளைப் புரட்டுவார். எங்கள் சட்டைகள் நாறுகின்றன என்று நினைக்கும் முகம் அது. “பிறவியிலேயே அப்படி. பால் குடிக்கும்போதே புளிச்சிருக்கும்,” என்றார் காலர் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான் நம்பியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எனக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. கல்லுளிமங்கி. நான் அதிகம் பேசமாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பேன். மூன்றாம் தரம் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இது திமிர் இல்லை, தொண்டை அடைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் திமிர். அவர்களுக்கு என் தொண்டை தெரியவில்லையே என்று எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். இஞ்சியின் முகத்துக்குப் பின்னாலும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

வீட்டிலும் நான் இப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மகள் ஒரு டம்ளரைக் கீழே போட்டால், “கண்ணு என்ன பிடரியில இருக்கா?” என்பேன். நானே போட்டால் கை வழுக்கிவிடும்.

“மாமியார் உடைச்சா மண்குடம்னு சும்மாவா சொன்னாங்க,” என்பார் அவர் மகளிடம். “இந்த வீட்ல அம்மா கை வழுக்கும். நமக்கு மட்டும் கண்ணு இடம் மாறும்.” இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துவிடுவேன்.

இஞ்சி வந்த பிறகு நோட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. தவறு வந்தால் அவர் நான்கு கட்டங்களை மட்டும் நிரப்புவார். ஐந்தாவதைக் காலியாக விட்டுவிடுவார். மறுநாள், அந்தத் தவறு நடந்த அதே நேரத்துக்கு, அதைச் செய்தவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்காருவார். அதே மிஷின், அதே வேலை, ஒரு மணி நேரம். அதற்கப்புறம்தான் எழுதுவார். எங்களுக்கு இது பிடிக்கவில்லை. நம் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து நம் வேலையைச் செய்வதை நின்று பார்ப்பது என்னவோ போல இருக்கும். “நாற்காலி பிடிக்க வந்துட்டாங்க,” என்று கேலி பேசினோம். பொத்தான் தைக்கும் பெண் ஒருத்தியின் இடத்தில் அப்படி உட்கார்ந்துவிட்டு, ‘கவனமில்லை, பக்கத்தில் பேச்சு’ என்றே எழுதினார். ஆக, எல்லோரையும் காப்பாற்றுகிறவரும் இல்லை.

அந்த வாரம் நாங்கள் இளநீலச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தோம். ஒரே நீலம் என்றாலும் இரண்டு துணிச் சுருள்களிலிருந்து வெட்டியவை. இரண்டுக்கும் சாயம் வேறு வேறு நாளில் ஏறியிருந்ததால் ஒன்று துளி பச்சை கலந்த நீலமாக இருக்கும். இதைத்தான் நாங்கள் ஷேடு என்போம். ஒரு ஷேடு உடம்பில் மற்ற ஷேடு கை சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துண்டிலும் எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உடம்பின் எண்ணையும் கையின் எண்ணையும் பொருத்தித் தைக்க வேண்டும். கை ஏற்றுவது என் வேலை.

அந்த வாரம் வந்த ஸ்டிக்கர்கள் நிற்கவே இல்லை. துணியை எடுத்தாலே உதிர்ந்தன. வீட்டுக்குப் போய்ச் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பதினேழு, நாற்பது, இருபத்திரண்டு. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் வழக்கம்போல. சரி, நமக்குத்தான் கண் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தக் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் மிஷின் ஜன்னலோரம். பகல் வெளிச்சம் நேராகத் துணிமேல் விழும். எண்ணே இல்லாவிட்டாலும் இரண்டு ஷேடையும் பிரித்துவிடுவேன். கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் பேசாமல் விரலால் காட்டுவேன்.

வியாழக்கிழமை காலையில் இஞ்சி ஒரு சட்டையைக் கூடத்தின் வாசலுக்கு எடுத்துப்போனார். மற்றதையெல்லாம் மேசையில் பார்த்தாலும் ஷேடை மட்டும் அவர் வெயிலில்தான் பார்ப்பார். அங்கே நின்றபடியே திரும்பி என் பக்கம் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் தைத்தவற்றில் அறுபத்து நான்கு சட்டைகளில் கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம்.

சூப்பர்வைசர் வந்தார். ஒரு சட்டையை விரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

“ஏம்மா, கை ஒரு வீட்டுப் பிள்ளை, உடம்பு ஒரு வீட்டுப் பிள்ளை. இது உன் கண்ணுக்குத் தெரியல?”

நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பாருங்க, வாயைத் திறக்குறாளா பாருங்க. செய்றதையும் செஞ்சிட்டு அழுத்தம். மேடம், நோட்டை எடுங்க. ‘அலட்சியம்’னு எழுதுங்க. இது மூணாவது.”

இஞ்சி கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார். தேதி, என் பெயர், ஷேடு மாற்றம், அறுபத்து நான்கு. அதோடு பென்சிலைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

“நாளைக்கு எழுதுறேன் சார்.”

“ஏன், நல்ல நேரம் பார்க்கணுமா?”

“இதை அவங்க தைச்சது ரெண்டு மணிக்கு மேல. இன்னைக்கு எனக்கு ரெண்டு மணிக்குப் பெட்டி ஏத்துற வேலை இருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்கு அங்க உட்கார்ந்து பார்த்துட்டு எழுதுறேன்.”

“ஷேடு தெரியலைன்னா தெரியல. இதுல உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கு?”

“இருக்கா இல்லையான்னு உட்கார்ந்தாதானே சார் தெரியும்.”

அன்று மாலை வீட்டில் நூல் வெட்டும் மேசையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடம் உட்கார்ந்த இடம். எனக்குப் பேச்சு வராது, கை வரும். அந்தக் கையையும் எடுத்துவிட்டால் அங்கே நான் யார் என்று தெரியவில்லை. மகள் கழுவிய தட்டு ஒன்றைக் கீழே போட்டாள். நான் குனிந்து எடுத்து வைத்தேன்.

“என்ன, இன்னைக்குக் கண்ணு பிடரிக்குப் போகலையா?” என்றார் வீட்டுக்காரர். சிரிக்காமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் சரியாக இரண்டு மணிக்கு இஞ்சி வந்தார். நான் எழுந்து சுவரோரம் நின்றேன். அவர் இரண்டு ஷேடிலும் மும்மூன்று சட்டைக்கான துண்டுகளை வரவழைத்து, நான் வைத்துக்கொள்கிற மாதிரியே இடப்பக்கம் கையும் வலப்பக்கம் உடம்புமாக அடுக்கினார். அவருடைய கை நன்றாக ஓடியது. ஒன்பது வருடம் மிஷினில் இருந்துவிட்டுத்தான் செக்கர் ஆனாராம், பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றாவது துண்டை எடுக்கும்போது ஒரு ஸ்டிக்கர் உதிர்ந்தது. குனிந்து பார்த்தார். மிதிக்கட்டைக்கு அடியில் திருமண வீட்டு அரிசி மாதிரி ஸ்டிக்கர்கள் சிதறிக் கிடந்தன. மீதியைக் கண்ணால் பொருத்தித் தைத்தார். ஆறு சட்டை முடிந்ததும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“ஆறுல ரெண்டு எனக்கே மாறிப்போச்சு,” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்து மிஷின்கள் நின்றன.

பிறகு ஜன்னலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க எங்கள் ஜன்னலை மூடி வெளியே ஒரு மஞ்சள் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் முழுக்க மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு நீலமும் ஒரே நீலம்.

“இது எப்பக் கட்டினாங்க?”

“புதன்கிழமை,” என்றேன். அந்த இரண்டு நாளில் கூடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை.

“ஸ்டிக்கர் உதிர்றது?”

“திங்கக்கிழமையிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். பழைய செக்கராக இருந்தால் இந்நேரம் எழுதி முடித்து மூடியிருப்பார். இவர் என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி சும்மா இருந்தார். மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லி முடித்து மூன்றாம் தரத்துக்கும் வந்துவிட்டேன். அப்போதும் அவர் அங்கேயே இருந்தார்.

“சொன்னா திட்டு விழும்னு பயம்.”

“யாரு திட்டுவா? நானா?” என்றார் சூப்பர்வைசர்.

காலர் அக்கா மிஷினை விட்டு எழாமலே சொன்னார். “போன வாரம் ஓவர்லாக் மிஷின் பொண்ணு ஊசி வளைஞ்சிருக்குன்னு வந்து சொன்னா. கோணலா உட்கார்ந்தா ஊசி நேராவா இருக்கும்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் இங்க யாரு சார் வாயத் திறப்பா?”

“அது தமாசுக்குச் சொன்னது.”

“உங்களுக்குத் தமாசு. அவ அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.”

“அன்னைக்கு எனக்கு மேல இருந்து எத்தனை போன் தெரியுமா? லாரி வேற வரல. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல…”

இஞ்சி பென்சிலை எடுத்தார். “அதையும் எழுதிக்கட்டுமா சார்? காரணம்தானே.”

யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு மிஷின் இருக்கிறது, அது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அன்று ஐந்தாவது கட்டத்தில் இஞ்சி எழுதியது எனக்கு மனப்பாடம். ‘ஸ்டிக்கரில் பசை இல்லை. ஜன்னலில் மஞ்சள் தார்ப்பாய். அங்கே உட்கார்ந்து நான் தைத்த ஆறில் இரண்டு மாறிவிட்டது. ஸ்டிக்கர் உதிர்வதை இவர் சொல்லவில்லை. சொல்லப் பயம்.’

‘இவர் சொல்லவில்லை’ என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அதை விட்டிருக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மறுபடி படித்தபோது, அது இருப்பதால்தான் மற்றதை யாரும் மறுக்க முடியவில்லை என்று புரிந்தது. என்னைப் பற்றி அந்த நோட்டில் முதல் முறையாக முழுசாக எழுதியிருந்தது. தார்ப்பாயை அன்று மாலையே அவிழ்த்தார்கள். என்னை யாரும் மிஷினிலிருந்து எழுப்பவில்லை.

இரண்டு ஷேடு கைகளும் ஒன்றுக்கொன்று மாறியிருந்ததால் துணி வீணாகவில்லை. அறுபத்து நான்கு சட்டைகளையும் பிரித்துக் கைகளை மாற்றித் தைத்தால் போதும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் பிரித்துக்கொண்டிருந்தபோது இஞ்சியும் ஒரு பிரிப்பூசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஒரு நாள் பஸ் ஸ்டாப்ல உன்னைப் பார்த்துச் சிரிச்சேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் சிரித்தது நினைவு வந்தது. நல்ல மலர்ந்த முகம். யாரையோ பார்த்துச் சிரிக்கிறார் என்று திரும்பிக்கொண்டேன். அது இஞ்சி என்று எனக்குத் தெரியவே இல்லை.

“நீங்கன்னு தெரியல,” என்றேன். “கோவமா?”

“கூட்டத்துல உனக்கு வெக்கம்னு நினைச்சேன்.” ஒரு கையைப் பிரித்து முடித்து உதறினார். “முன்னாடியெல்லாம் அப்படி நினைக்கமாட்டேன். பழைய இடத்துல ஒருத்தி, பொத்தான் துளை போடுறவ, தினம் ரெண்டு தப்பு. நாலு தடவை ‘அலட்சியம்’னு எழுதி அனுப்பிட்டேன். போறப்ப அவளோட கண்ணாடியை மேசையில மறந்துட்டுப் போயிட்டா. சும்மா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கீறல் விழுந்து, அதுல ஒண்ணுமே தெரியல. நான் மட்டும் லேட்டா போனா அதுக்குப் பத்துக் காரணம் வச்சிருப்பேன்.”

அவர் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். நன்றி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஐந்து மாதம் கழித்து அதற்கு ஒரு நாள் வந்தது. இஞ்சி பார்த்து அனுப்பிய பதினொரு சட்டைகள் திரும்பி வந்தன. கீழ் மடிப்பில் எண்ணெய்ப் பொட்டு. அவர் நோட்டை எடுத்தார். தன் பெயரைத் தானே எழுதி, ஐந்தாவது கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் ‘அலட்சியம்’ என்று எழுதி மூடினார். எங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்கிறவர் தனக்கு ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

மறுநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் சோதனை மேசைக்குப் போனேன். கூடத்தில் என் மிஷினைத் தவிர வேறு இடத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்து ஒரு சட்டையை விரித்தேன். மேசையின் மேல்பக்கம் கண்ணாடி. ஓட்டை, பொட்டு தெரிய வேண்டும் என்று கண்ணாடிக்கு அடியில் நான்கு டியூப்லைட்டுகள். பழைய செக்கர் நெட்டை, நின்றே பார்ப்பார். அவருக்கு அந்த வெளிச்சம் மார்புக்குக் கீழே. குள்ளமான ஆள் உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் குத்துகிறது. நானும் இஞ்சி உயரம்தான். நெற்றி தானாகச் சுருங்கியது, மூக்கு ஏறியது, உதடு இழுத்துக்கொண்டது. நம் பக்கத்து விளிம்பில், சட்டையின் கீழ் மடிப்பு வந்து விழுகிற இடத்தில், வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்த வழியாகப் போன காலர் அக்கா நின்றுவிட்டார்.

“என்னடி இது, நீயும் இஞ்சி தின்னுட்டியா?”

“அக்கா, நீங்களும் வந்து உட்காருங்க,” என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அடப்பாவமே,” என்றார் மெதுவாக. “ஏழு மாசமா நம்ம மேல காறித் துப்புறாங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்.”

அன்று மாலை கழிவுத் துணியைத் திணித்து நான்கு விரல் கனத்தில் ஒரு மெத்தை தைத்தேன். மறுநாள் காலை அதை அவர் நாற்காலியில் வைத்தேன். வெளிச்சத்தை மறைக்கக் கண்ணாடியின் விளிம்பில் ஒரு அட்டையை ஒட்டினேன். பிறகு நோட்டைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதியதில்லை. அவர் எழுதிய ‘அலட்சியம்’ மேல் ஒரு கோடு போட்டு, கீழே மெல்ல மெல்ல எழுதினேன். ‘மேசை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கீழ் மடிப்பு தெரியாது. நான் உட்கார்ந்து பார்த்தேன்.’

இஞ்சி வந்தார். மெத்தையைப் பார்த்தார், நோட்டைப் படித்தார். என் எழுத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. அதில்தான் வரிகள் எல்லாம் மேலே ஏறிப் போயிருந்தனவே.

“ஒரு மணி நேரம் உட்கார்ந்தியா?” என்றார் என் மிஷினுக்கு வந்து.

“பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல கண்ணு தாங்கல.” கொஞ்சம் நின்றேன். அவர் வழக்கம்போலக் காத்திருந்தார். “நீங்க எப்படித்தான் இத்தனை நாள் உட்கார்ந்தீங்களோ. எனக்காக உட்கார்ந்ததுக்கும் சேர்த்துச் சொல்றேன். நன்றி.”

அவர் போய் மெத்தைமேல் உட்கார்ந்து முதல் சட்டையை விரித்தார். பிறகு தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் பார்த்த அதே முகம். இந்தத் தடவை நான் திரும்பிக்கொள்ளவில்லை.